காம்போடு போன மெழுகுப்பூ

என் அன்புப் பிள்ளைகளே,

உங்கள் அத்தையின் முதலாண்டு நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். அத்தையிடம் நல்லது நிறைய உண்டு. எங்களிடம் இருந்ததை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

என் அக்காவாகிய அவர்கள் திருவாமாத்தூரில் பிறந்தவர்கள். விழுப்புரத்தில் ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்டார்கள். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடத்தில் கணவரை இழந்து, ஒரு டிரங்குப் பெட்டியும் மண்தொட்டியில் ஒரு கொடியுமாகத் திண்டிவனத்தில் நம் வீட்டுக்கு வந்தார்கள்.

கொடியைத் தெரு ஜன்னல் கம்பியில் ஏற்றினார்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுவார்கள். மாவுப்பூச்சி வந்தால் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பார்கள். மூன்றாம் வருடம் மெழுகில் வார்த்தது போல் கொத்தாகப் பூத்தது.

என் பெரியம்மா வந்து பார்த்தார்.

"தாலியறுத்தவளுக்கு ஜன்னல்ல பூ கேக்குதா? யாருக்குடி காட்டிக்கினு இருக்கே?"

"ஜன்னலுக்குத்தான் பெரிம்மா. அது இன்னும் சுமங்கலிதானே" என்றார்கள் அத்தை.

நான் சிரித்திருக்க வேண்டும். ஊர் வாய்க்குப் பயந்து, அன்றைக்கே தொட்டியைத் தூக்கிக் குளியலறைச் சுவரோரம் இருட்டில் வைத்தேன். இரண்டு வருடம் ஒரு மொட்டு இல்லை.

"தம்பி, வெளிச்சம் இல்லாம அது பூக்காதுப்பா. ஜன்னல் வாணாம், கெணத்தடில வச்சிக்கிறேன்" என்று கெஞ்சினார்கள். ஏதோ பெரிய மனது பண்ணுகிறவன் போலச் சம்மதித்தேன்.

அங்கே மறுபடி பூத்தது. உதிர்ந்த பழைய காம்பிலேயே அடுத்த முறையும் பூக்கும் கொடி அது. "பூவ தொட்டுப் பாருங்க, காம்ப மட்டும் கிள்ளிடாதீங்க கண்ணுங்களா" என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்!

அத்தை காய்ச்சலில் போன அன்று கொடி நிறையப் பூ. கடையிலிருந்து பூமாலை வரத் தாமதமாயிற்று.

"கெணத்தடி கொடில இருக்கறத பறிச்சிக்கினு வாங்க, ஜல்தி! பாவம், பூன்னா உசுரு அவளுக்கு" என்று அழுதவர் அதே பெரியம்மாதான். காம்போடு ஒடித்தார்கள். "காம்பு, காம்பு" என்று நம் சின்னவள் கத்தினாள். அவளை அதட்டினார்கள். நான் ஈர வேட்டியோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசி எட்டு நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்து, முகம் சுளிக்காமல் துணி மாற்றிவிட்ட எதிர்வீட்டு அம்மாளுக்கு நம் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. பூப் பறித்தவர்களுக்கு நன்றி எழுதக் கை வரவில்லை. படித்து வருந்துகிறவர்கள் வருந்தட்டும்.

காரியம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன பின், நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, கிணற்றடியிலிருந்து தொட்டியைத் தூக்கி வந்தேன். பூ விட ஒரு காம்பும் அதில் மிச்சமில்லை. வெறுங்கொடியைத் தெரு ஜன்னல் கம்பியில் சுற்றிக் கட்டி, இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தேன்.