புஷ்பவள்ளி கூச்சிங்குக்குப் போன கதை

கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் இருபத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றபோது, புஷ்பவள்ளிக்கு இருந்தது ஒரே ஆசைதான். ஊர் சுற்ற வேண்டும். ஷிப்டுக்கும் வீட்டுக்குமே அலைந்து தீர்ந்த வாழ்க்கை அவளுடையது.

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில் வேறொன்று தெரிந்தது. வயிற்றில் ஓடும் பெருந்தமனி ஓரிடத்தில் பலூன் போலப் புடைத்திருந்தது. அகலம் நாலு புள்ளி ஒன்று சென்டிமீட்டர். இப்போதைக்கு அறுவை வேண்டாம், பிரஷர் மாத்திரை தவறக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன், பாரம் தூக்கக் கூடாது, தினமும் நடக்கலாம் என்றார் டாக்டர். பெரிதாகி வெடித்தால் உயிருக்கு ஆபத்து என்பதையும் மறைக்கவில்லை. நடக்கலாம் என்றது புஷ்பவள்ளியின் காதில் விழுந்தது. வெடித்தால் என்றது அவள் கணவர் சுப்பிரமணியத்தின் காதில் விழுந்தது.

அவர் கோலா கெத்தில் என்ற ஊரின் எஸ்டேட்டில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். சரிவில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூடப் பதறாத மனிதர், இப்போது அவள் வாளியைத் தொட்டாலே ஓடி வந்தார். அவர்கள் குடியிருந்த பாக்கார் ஆராங்கில் அவள் காலையில் நடக்கக் கிளம்பினால், பின்னாலேயே மோட்டார் சைக்கிளை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள்.

ஒரு நாள் அவள் நின்று திரும்பினாள். "வர்றதுன்னா நடந்து வாங்க. ஆம்புலன்ஸ் மாதிரி பின்னால வராதீங்க லா."

மறுநாள் அவர் சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

அந்த வருடம் பேட்ரிசியா தொலைபேசியில் அழைத்தாள். தொழிற்சாலையில் பதினைந்து வருடம் பக்கத்து இருக்கையில் இருந்தவள். கடல் தாண்டி இருக்கும் கணவரின் ஊரான கூச்சிங்குக்குக் குடிபோய்விட்டாள். "என் மக ஏமிக்குக் கல்யாணம், வள்ளி. உன் விரலைப் பிடிச்சு நடக்கப் பழகின புள்ள. நீ வரணும்."

"பிளேன்லயா?" என்றார் சுப்பிரமணியம். "மேல போய் ஏதாச்சும் ஆச்சுன்னா என்னா செய்யறது?"

"நீங்களும் நானும் பேசி என்னாங்க ஆவப் போவுது? டாக்டரக் கேப்போம்."

புது ஸ்கேனிலும் அதே நாலு புள்ளி ஒன்று. மலாய்க்கார டாக்டரம்மா, "பொலே, மக்சிக். தாராளமாகப் போகலாம் அம்மா" என்றார். பெட்டியைத் தூக்காதீர்கள், மாத்திரையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும், முதுகிலோ வயிற்றிலோ திடீரென்று கடுமையாக வலித்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள் என்றும் சொன்னார். சுப்பிரமணியம் ரிப்போர்ட்டை நான்கு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்.

விமானத்தில் ஒன்றும் ஆகவில்லை. வலி வந்தது கல்யாணத்தன்று காலையில். பேட்ரிசியா வீட்டு அறையில் புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது, இடுப்புக்கு மேலே பின்பக்கம் சுருக்கென்று பிடித்தது. பிடித்தது விடவில்லை. புஷ்பவள்ளி கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். மாதா கோவில் கல்யாணப் பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். சொன்னால் எல்லாம் கெட்டுப்போகும். இனிமேல் இந்த மனிதர் வாசல் தாண்ட விடமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கண்ணாடியில், பின்னால் நின்று சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அவர் தெரிந்தார்.

"என்னாங்க," என்றாள். "முதுகு வலிக்குது. நெசமாவே ரொம்ப வலிக்குது."

அவர் திட்டவில்லை. நான் அப்பவே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. "நீ நிக்காத. உக்காரு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். மருத்துவமனையில் கேட்பதற்கு முன்பே ரிப்போர்ட்டை நீட்டினார். உடனே உள்ளே கொண்டுபோனார்கள். அவள் கையைப் பிடித்தபடியே சக்கரக் கட்டிலோடு கதவுவரை நடந்தார்.

சிறுநீரகக் கல். மிளகளவுதான். தமனியில் எந்த மாற்றமும் இல்லை என்றார் அங்கிருந்த டாக்டர். இப்படி உடனே வந்ததுதான் சரி என்றார். அதைக் கேட்டதும் சுப்பிரமணியம் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்.

பூசை தவறிப்போயிற்று. வலி மருந்து வேலை செய்ய, மாலை விருந்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, ஏமி வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து புஷ்பவள்ளியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஆன்டி, போட்டோவுக்கு ஒங்க எடத்த விட்டு வச்சிருக்கோம்." பேட்ரிசியா தோழியின் தட்டில் மீனை முள் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, உடம்பு தேறியதும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். அக்கரைக்குப் போகும் சம்பான் படகைப் பார்த்ததும் புஷ்பவள்ளி நின்றாள்.

சுப்பிரமணியம் தண்ணீரைப் பார்த்தார், படகைப் பார்த்தார். "மெதுவா கால வை," என்று கையை நீட்டினார்.

ஆற்றின் நடுவில் காற்று வீசியது. அவர் ஒரு கையை அவள் முதுகில் வைத்திருந்தார். அவள் எடுக்கச் சொல்லவில்லை.