தொடைக்குக் கீழே

மாதையனை நான் முதலில் பார்த்தபோது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். சித்தேரி மலையில் சாமை பயிரிடுபவர். இரைப்பையில் லிம்போமா என்று பயாப்சியில் வந்திருந்தது. பொதுவாக நிணநீர் முடிச்சுகளில் தொடங்கும் புற்றுநோய் இது. சிலருக்கு வயிறு, எலும்பு, தோல் என்று வேறு இடத்தில் வந்துவிடும். உடம்பில் இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க பெட்-சிடி எழுதி, தருமபுரியில் நான் டெக்னாலஜிஸ்ட்டாக இருந்த ஸ்கேன் சென்டருக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஊசி போட்டு ஒரு மணி நேரம் படுக்க வைத்தேன். கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை மருந்து அது. நோய் இருக்கும் இடம் அதை அதிகமாக இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியும்.

ஸ்கேன் அறைக்குள் கூப்பிட்டபோது அவர் மனைவி பூங்கொடி கதவருகில் வந்து நின்றார்.

"ஏங்க, கால் நோவுதுன்னீங்களே, சாருகிட்ட சொல்லுங்க."

"மலை ஏறி எறங்கற காலு, நோவாம இருக்குமா? நீ சும்மா இரு" என்றார் மாதையன்.

நானும் சிரித்துவிட்டேன். வழக்கமாக மண்டையோட்டின் அடியிலிருந்து நடுத்தொடை வரைதான் எடுப்போம். கால்களையும் எடுக்க இன்னும் பத்து நிமிடம் ஆகும். அடுத்தவருக்கு ஊசி போட்டாகிவிட்டது. நேரமாக ஆக மருந்தின் வீரியம் குறையும். ரிப்போர்ட் எழுதும் எங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரைப்பையைத் தவிர வேறெங்கும் இல்லை என்று ரிப்போர்ட் போனது. அதை வைத்து வயிற்றுக்கு மட்டும் ரேடியேஷன் கொடுத்தார்கள்.

ஏழு மாதம் கழித்து வீல்சேரில் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் எடுத்த பயாப்சியிலும் லிம்போமா. இந்த முறை உச்சியிலிருந்து பாதம் வரை எடுத்தேன். வயிறு சுத்தமாக இருந்தது. முறிந்த எலும்பு முழுக்க ஒளிர்ந்தது. இடுப்பிலும் முதுகெலும்பிலும் புதிய புள்ளிகள்.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "அன்னிக்கே எங்கிட்ட ஏன் கேக்கல?" என்றார்.

வெளியே வந்து பூங்கொடியிடமும் சொன்னேன். "நீங்க சொன்னப்பவே காலையும் எடுத்திருக்கணும்மா. என் தப்பு."

அவர் வீல்சேர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவருகிட்ட இதைச் சொல்லிராதீங்க. நாந்தான சும்மா இருன்னு சொன்னேன்னு மனசு ஒடஞ்சிருவாரு."

நான் சொல்லவில்லை. கீமோவை அவர் உடம்பு தாங்கவில்லை. அந்த வருடச் சாமை அறுப்புக்கு முன்பே இறந்துபோனார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஊசி போடும் முன் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். நோயாளி ஒன்றுமில்லை என்றால், கூட வந்தவரையும் கேளுங்கள். ரிடையர் ஆகும்வரை நான் கேட்டேன். யாராவது கால் என்று சொன்னால் டாக்டரிடம் போய் நின்றேன். பெரும்பாலும் படத்தில் ஒன்றும் இருக்காது. இருந்தும் பாதம் வரை எடுத்தேன்.