காய்ச்சலில்லாதவர்களுக்கு விடுப்பு

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன், மலாயாவில் சிகாமட் ஆற்றுப் பாலம் ஒன்று வெள்ளத்தில் சாய்ந்தது. அதைச் செப்பனிட ஊரிலிருந்து தமிழ்ப் பட்டாளம் ஒன்று கப்பலேறி வந்தது. அவர்கள் முகாமில் நான் டிரெசர். காயங்களுக்குக் கட்டுப்போடுவேன், மாலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி மலேரியாவுக்குக் கொயினா கொடுப்பேன், நோயாளி ஏட்டை எழுதுவேன்.

பட்டாளத்துத் துரை ஓர் உத்தரவு போட்டார். வேலை முடியும்வரை ஏட்டில் ஒரு பெயரும் ஏறாத அணிக்கு இரண்டு மாதம் கூடுதல் விடுப்பு. வழக்கமான விடுப்பு கப்பலில் போய்வரவே சரியாகிவிடும். அணிக்குப் பன்னிரண்டு பேர். மூன்றாம் அணியில் ஒருவன், தான் கிளம்பிய பிறகு பிறந்த மகளை இன்னும் பார்த்ததில்லை.

வேலை முடிய நான்கு நாள் இருந்தது. என் குறிப்பில் புதன்கிழமை, மாலை ஐந்தரை மணி என்றிருக்கிறது. வரிசையில் அவனை இரண்டு பேர் தோளோடு தோள் நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். வாயில் தெர்மாமீட்டரை வைத்தேன். சரியாகவே காட்டியது. ஆனால் மருந்தை வாங்கிய விரல்கள் என் கையைச் சுட்டன.

"என்ன குடிச்ச?"

அந்த அணியின் ஹவில்தார் சிரித்தார். "பச்சத் தண்ணிதான் டிரெசரய்யா. அதையும் ஏட்டுல ஏத்துவீங்களா?"

"கையத் தூக்கு. அக்குள்ல வைக்கணும்."

"அது கைப்புள்ளைக்கு வைக்கிறதுல்ல?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

நூற்று மூன்றரை.

"ஐயா, நாலே நாளு. எழுதாதீங்க," என்றான் அவன்.

"பன்னெண்டு பேரு வயித்தெரிச்சலக் கொட்டிக்காதீங்க," என்றார் ஹவில்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

மறுநாள் பாலத்துச் சாரத்தில் ஏற வேண்டிய முறை அவனுடையது. கீழே ஆறு சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேரும் பார்த்திருக்க, தேதி, மணி, பெயர், உஷ்ணம் எல்லாம் எழுதினேன்.

வியாழன் காலை, அதே அணியிலிருந்து இன்னும் நான்கு பேர் தாங்களாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒருவனுக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏட்டோடு துரையிடம் போனேன். உழைத்ததற்கு விடுப்புக் கொடுங்கள், நோய் வராததற்குக் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். உத்தரவு மாறவில்லை.

திங்கட்கிழமை மற்ற இரண்டு அணிகளும் கப்பலுக்காக ரயிலேறின. அன்று, மகளைப் பார்க்காதவன் கட்டிலருகே கொயினாவோடு நின்றேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வச்சிட்டுப் போங்க."

என் கண் முன்னால்தான் குடிக்க வேண்டும் என்பது விதி. வைத்துவிட்டு வந்தேன்.