உப்புக்குப் பதில் பம்பளிமாஸ்

பெண்டாட்டி ஒரு கிட்னியைக் கொடுத்தாளாம், பிறகு அவள் கையாலேயே என்னத்தையோ ஊற்றி அதைக் கெடுத்தும் விட்டாளாம். வடகரை பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்ததை, பழம் விற்கிற ஜாஹிரா பீவி கூடையோடு கூடையாகச் சுமந்துவந்து தென்காசியில் விஜயத்தின் வீட்டுக்குள் இறக்கினாள்.

"யாரையோ சொல்லுதாளுவன்னு நானும் சும்மா கேட்டுக்கிட்டு வாறேன். கடைசில பாத்தா நம்ம வைத்தி அண்ணாச்சிய! எனக்கு வந்துச்சே ஆத்திரம். நெசமாக்கா?"

விஜயம் கணவனின் சாரங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கொழுந்தனாரைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்கக் காலை பஸ்ஸில் வந்திருந்தாள்.

"இரு, மொதல்ல தண்ணி குடி" என்றாள்.

விஜயத்தின் கைக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. வடகரைப் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளுக்கு அவள் சாப்பாட்டு டீச்சர். நூற்றெண்பது பேருக்குக் கொதிக்கிற சாம்பாரில் உப்பு மட்டும் அவள்தான் போட வேண்டும். சமையல் அம்மாள் கரண்டியோடு ஒதுங்கி நிற்பாள். விஜயம் வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள், டம்ளரால் அளக்க மாட்டாள். ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டில் உப்பு நின்றுபோனது. மின்வாரியத்தில் லைன்மேனாகக் கம்பம் கம்பமாய் ஏறி இறங்கிய வைத்தீஸ்வரனுக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன. மூன்று வருஷம் டயாலிசிஸ். அப்புறம் விஜயம் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர், "இத்தனை வருசம் வெளிய இருந்து அதிகாரம் பண்ணுன. இனி உள்ள இருந்தும் பண்ணுவ என்னட்டி?" என்று கேட்டார். நர்ஸ் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் போட வேண்டிய மாத்திரைகளோடு, எது சாப்பிடலாம், எது கூடாது என்று இரண்டு பக்கம் இங்கிலீஷில் அச்சடித்துக் கொடுத்தார்கள். விஜயம் அதைப் போட்டோ எடுத்துக் கனடாவில் இருக்கும் மகள் ஸ்ரீரஞ்சனிக்கு அனுப்பினாள். ரஞ்சி ஆபீஸில் சாப்பிடக்கூட எழுந்து போகாமல், ஒவ்வொரு வரியாகப் போனில் தமிழில் சொன்னாள். இவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு வரி வந்தபோது ரஞ்சி, "கிரேப்ஃப்ரூட் கூடவே கூடாதாம். அது நம்ம ஊர்ல கிடைக்காதும்மா, விடு" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

இந்தப் புள்ளைக்கு ஊரே மறந்துபோச்சு என்று விஜயம் நினைத்துக்கொண்டாள். கம்பம் ஊரிலிருந்து வண்டி வண்டியாகத் திராட்சை வந்து இறங்குகிறதே, கிடைக்காதாமே. 'திராட்சை கூடாது' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் ஒரு திராட்சை நுழையவில்லை. பாயசத்தில் கிடந்த கிஸ்மிஸைக்கூடப் பொறுக்கி எடுத்தாள்.

ஆறு மாதம் கழிந்ததும், நன்றாகக் கழுவிய பச்சைக்காய் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். வெள்ளரிக்காய், கேரட், முட்டைக்கோஸ். உப்பில்லாமல் அது அவருக்கு இறங்கவில்லை.

"ஏட்டி, என்னைய ஆடுன்னு நெனச்சியா? கழுத்துல ஒரு மணியும் கட்டி விட்டுரு."

ரஞ்சிதான் வீடியோவில் செய்துகாட்டினாள். மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு புளிப்புச் சாறு, மிளகுத்தூள், கொஞ்சம் தேன். மூடிபோட்ட பாட்டிலில் ஊற்றிக் குலுக்க வேண்டும். எண்ணெயும் சாறும் கலந்து மோர்போல வெளுத்து வந்தால் பதம். அவள் பாஷையில் அது டிரெஸ்ஸிங். விஜயத்துக்கு அது குலுக்குத் தண்ணி. புளியங்குடி எலுமிச்சையில் போட்டுப் பார்த்தாள். உப்பு இல்லாத இடத்தில் அது பல்லைக் கூசவைத்தது.

"அப்ப பம்பளிமாஸ் பிழிஞ்சு பாரேம்மா" என்றாள் ரஞ்சி. "குற்றாலம் பக்கம் கிடைக்கும்லா? சின்னப்புள்ளையில அப்பா வாங்கித் தருவாவளே."

ஜாஹிரா தோப்பில் சொல்லிவைத்து வாங்கிக்கொண்டு வந்தாள். வெட்டினால் வெளிர் ரோஜா நிறச் சுளை. புளிப்புக்கு அடியில் ஓர் இனிப்பு, அதற்கும் அடியில் மெல்லிய கசப்பு. அந்தக் கசப்புதான் உப்பின் இடத்தில் போய் உட்கார்ந்தது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் குலுக்கி ஊற்றிக் கொடுத்தாள். வைத்தீஸ்வரன் ஒரு வாய் மென்றார், நிறுத்தினார், அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"உப்புப் போட்டியாட்டி?"

"போடலங்க."

"பொய் சொல்லாத."

ஆபரேஷன் முடிந்து கண் விழித்த நாளில்கூட விஜயம் அப்படிச் சிரித்ததில்லை.

தினமும் ஒரு கிண்ணம். அப்போது குற்றாலத்தில் சீசன். பஸ்ஸெல்லாம் கூட்டம். ஏதாவது காய்ச்சல் தொற்றிவிடும் என்று பயந்து, இரண்டு மாத ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டார்கள். நன்றாகத்தானே இருக்கிறார் என்ற தைரியம் வேறு. ஒரு நாள் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் அவர் விரல் நடுங்கியது. சத்துப் போதவில்லை என்று நினைத்து விஜயம் இன்னும் இரண்டு கரண்டி சேர்த்து ஊற்றினாள். பிறகு கால் வீங்கியது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நேற்று டாக்டர், "சாப்பாட்டுல புதுசா ஏதாவது சேத்தீங்களா?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் பெருமையோடுதான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தாள். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"என்ன பழம்மா இது?"

"பம்பளிமாஸ், சார். உப்பே கிடையாது."

அவர் பாட்டிலை மெதுவாக மூடினார். "கிரேப்ஃப்ரூட் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருந்தோமே."

"திராட்சை ஒண்ணுகூடக் குடுக்கல சார். சத்தியமா."

"கிரேப்ஃப்ரூட் திராட்சை இல்லம்மா. பம்பளிமாஸுக்குக் கூடப் பிறந்த பழம். ரெண்டுமே இந்த மாத்திரைக்கு ஆகாது. மருந்து செலவழியாம உடம்புல சேந்துக்கிட்டே போகும். சேர்ந்த மருந்தே கிட்னியைக் கெடுத்துரும்."

எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதையும் சொன்னார். மறுபடியும் டயாலிசிஸுக்கு ஆயத்தமாக வேண்டும். வைத்தீஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். டாக்டர் போன பிறகு அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"உன் சாமான உனக்கே திருப்பிக் குடுக்கவும் முடியாதுல்லா" என்றார்.

இப்போது ஜாஹிரா தண்ணீரைக் குடித்துவிட்டு விஜயத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவுடன் அவள் மேஜைமேல் வைத்த பம்பளிமாஸ் இரண்டும் அங்கேயே இருந்தன.

"சொல்லுங்கக்கா. அவளுவ சொன்னது நெசமா? இல்லன்னா சொல்லுங்க, நாளைக்கே அந்த பஸ்ஸுல ஏறிக் கிழிச்சிருதேன்."

"நெசந்தான் ஜாஹிரா. உப்புல கை தவறிப்போச்சு."

"உங்களுக்கா? உப்புலயா?"

"வயசாகுதுல்லா."

ஜாஹிராவின் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பழத்தை அண்ணாச்சிக்குப் பிழிஞ்சு குடுங்க. நல்ல கனம், ரெண்டும் நானே பாத்து எடுத்தேன்."

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். விஜயம் இரண்டு கையாலும் பழங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜாஹிரா தெருமுனை திரும்பும்போது போன் அடித்தது. ரஞ்சி. நேற்றிலிருந்து இது நான்காவது தடவை. அங்கே தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். டாக்டர் என்ன சொன்னார் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பஸ்காரிகளுக்கும் ஜாஹிராவுக்கும் உப்பு என்று சொன்னால் போதும். ரஞ்சி அப்படி விடமாட்டாள். பிளட் ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்வாள், ஒவ்வொரு வரியாகப் படிப்பாள், தெரியாத சொல்லை உடனே தேடிப் பார்த்துவிடுவாள். பம்பளிமாஸ் பிழியச் சொன்னது யார் என்பதும் அவளுக்கு மறந்திருக்காது.

"ரஞ்சி, என் கை தவறிப்போச்சுட்டி" என்று விஜயம் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

போன் நின்றது. அவள் மடியிலிருந்து பழங்களை எடுத்து வைப்பதற்குள் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.