முட்டிக்கு வெட்டிய குழி

என் வீட்டுக்காரர் முகத்தில் அடிக்க மாட்டார். முகத்தில் அடித்தால் ஊர் பார்க்கும். முட்டி புடவைக்குள் இருக்கிறது. மண்வெட்டிக் காம்பை எடுத்தால் நேராக வலது முட்டிக்குத்தான் வருவார். கல்யாணமான புதிதில் தொடங்கியது, வயசான பிறகும் விடவில்லை. குடிபாலா பக்கத்தில் எங்கள் ஊர். ஏன் நொண்டுகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாதம் என்று சொன்னேன். நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும்.

போன வருஷம் திருப்பதியில் முட்டி மாற்றும் ஆபரேஷன். முந்தின நாள் கண்ணாடி போட்ட ஒரு பெண் கட்டிலருகே வந்தாள். ஆராய்ச்சி படிக்கிறவள். பலமனேர்க்காரி, எங்கள் ஊர் மாதிரி அங்கேயும் தெலுங்கோடு தமிழ் புழங்கும், அதனால் தமிழிலேயே பேசினாள்.

"அம்மா, செதுக்கி எடுக்கிற எலும்புமேல குருத்தெலும்பு ஒட்டிக்கினு இருக்கும். குப்பைக்குத்தான் போவும். எங்களுக்குத் தர்றீங்களா?"

"அத வச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவே?"

"அதுல உயிரோட செல்லு இருக்கும்மா. தட்டுல வச்சி வளப்போம். அப்புறம் புண்ணுல ஊத்துனா நொரைக்குமே, அந்த மருந்த ஊத்துவோம்."

"ஐயையோ, எரியாது?"

"எரிக்கத்தாம்மா ஊத்துறது. மூட்டு தேயும்போது உள்ள அந்த மாதிரிதான் எரியுது. அத அணைக்கச் செல்லுக்குள்ளயே காவல் இருக்குது. அது எதுவரைக்கும் தாங்குது, எப்ப தோத்துப் போவுதுன்னு பாக்கணும்."

என் முட்டியை ஒருத்தி உட்கார்ந்து பார்க்கப் போகிறாள். அது எனக்குப் பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

அவர் வேறு ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் ஜனத்தில் உடம்பிலிருந்து அறுத்ததை மண்ணில் புதைத்துவிட வேண்டும். இல்லையென்றால் செத்த பிறகு உயிர் அதைத் தேடி அலையும் என்பார்கள். டாக்டர் முட்டியை முழுசாகக் கழற்றித் தேங்காய் மாதிரி கையில் கொடுப்பார் என்று நினைத்துவிட்டார். ஊர்ச் சுடுகாட்டில் குழி வெட்டச் சொல்லி, கல் உப்பும் மஞ்சள் துணியும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எல்லாம் செத்துவிட்டது, காது மட்டும் சாகவில்லை. ரம்பம் ஓடியது. எலும்பு தீயும் நாற்றம் வந்தது. அப்புறம் சுத்தியால் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மேசையோடு என் தலை ஆடியது. முட்டியில் வலிக்காமல் அடி வாங்கியது அன்றைக்குத்தான்.

வார்டுக்கு வந்தும் கால் மரத்தே கிடந்தது. அந்தப் பெண் ஐஸ் டப்பாவோடு வந்து, கிடைத்துவிட்டதென்று என்னிடம் சொன்னாள். வீட்டுக்காரர் எழுந்தார்.

"இன்னாது அது?"

"ஆராய்ச்சிக்கு ஐயா. அம்மா குட்த்தாங்க."

"எம் பொண்டாட்டி முட்டிய எவளோ டப்பாவுல தூக்கிக்கினு போவா, நான் பாத்துக்கினு இருக்கணுமா? அங்க குழி வெட்டி வச்சிக்கீறேன்!"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். "முட்டிக்குக் குழியா? மேளம் சொல்லிட்டியா நைனா?"

அந்தச் சிரிப்புதான் அவரைக் கிளப்பியது. டப்பாவைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண் விடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அவள் கண்ணாடி கீழே விழுந்து அவர் காலடியில் நொறுங்கியது. கட்டிலோரம் இருந்த வாக்கரைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"யாரக் கேட்டுக்கினு குட்த்தே?"

"என்னுது. நான்தான் குட்த்தேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். வாக்கர் என் வாயில் இறங்கியது. முன்பல் உடைந்து நாக்கில் கிடந்தது. ரத்தம் தலையணையில் ஊறியது. வார்டே பார்த்தது.

செக்யூரிட்டி ஓடிவந்து, "பயட்டிக்கி ராவய்யா!" என்று தெலுங்கில் வெளியே வரச் சொல்லி, அவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான்.

அந்தப் பெண் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி என் பக்கம் குனிந்தாள். "வேணாம்னா சொல்லிடுங்கம்மா. இப்பவே திருப்பிக் குட்த்துடறேன். ஊட்டுக்குப் போனா உங்களத்தான அடிப்பாரு?"

வாயில் இருந்ததைக் கிண்ணத்தில் துப்பினேன். "எட்த்துக்கினு போ. ஐஸ் கரையுது."

நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. சத்தியவேட்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். தையல் ஆறி, சோதனைக்குத் திருப்பதி போனபோது அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். மைக்ராஸ்கோப்பின் முன்னால் என்னை உட்கார வைத்தாள். மருந்து ஊற்றின தட்டில் என் முட்டிச் செல்கள் பாதி சுருங்கி உருண்டு மிதந்தன. மீதி தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"இதுங்க ஏன் சாவல?"

"காவல் தாங்கியிருக்குதும்மா. எவ்ளோ தாங்கும்னு தெரியல. இன்னும் ஜாஸ்தியா ஊத்தணும்."

"எதுவரைக்கும்?"

"எல்லாம் சாவற வரைக்கும்."

"ஊத்து," என்றேன். "நான் இங்கியே குந்திக்கினு பாக்கறேன்."