மார்டின்டாரில் கூட்டிச் சொன்ன வயது

மேஜையின்மேல் அந்தப் பீர் பாட்டில் வியர்த்துக்கொண்டிருந்தது. பரிமாற வந்த ஃபிஜியப் பெண் அதைத் திறக்காமல் கையில் திறப்பானை வைத்துக்கொண்டு நின்றாள். என் மகனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “இவருக்கு என்ன வயது?” என்று கேட்டாள். “இருபத்தொன்று” என்றேன். அவனுக்கு அப்போது பத்தொன்பது. அவள் திறந்து வைத்துவிட்டுப் போனதும் மகன் மேஜைமேல் குனிந்து, “டாட், ஒரே நிமிஷத்தில் என்னை இரண்டு வயது மூத்தவனாக்கிவிட்டீர்கள்” என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஃபிஜியின் நந்தி நகரில் ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் மார்டின்டார் தெருவில், மதியச் சாப்பாட்டு வேளையில், நாங்கள் இருவரும் ஒரு பொய்யைப் பங்கு போட்டுக்கொண்டு சிரித்த அந்தச் சில நிமிடங்களைவிட நெருக்கமாக நாங்கள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

எங்களை விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போக வந்திருந்த என் மச்சினன், மனைவியின் தம்பி, சிரிக்கவில்லை. பா நகரத்து வரதோலியில் அவன் வீட்டில் நடக்கும் கல்யாணத்துக்குத்தான் வந்திருந்தோம். என் மனைவி ஒரு வாரம் முன்னதாகவே வந்து அங்கே இருந்தாள். மச்சினன் கோயில் பஜனையில் பாடுகிறவன், அதனால் இன்னும் தமிழ் பேசுகிற சிலரில் ஒருவன். “மாமா, இங்க இருபத்தொண்ணுதான் கணக்கு. மிலிட்டரி மறுபடியும் ஆட்சிக்கு வந்த பொறவு எல்லாம் ரொம்ப டைட்டு. பையன் கொஞ்சம் பொறுத்துக்கட்டும். வீட்டுல யங்கோனா கரைச்சு வச்சிருக்கு, வேர இடிச்ச தண்ணிக்கு எந்த கவர்மென்ட்டும் வயசு கேக்காது” என்றான். நான் கையை வீசி அதை ஒதுக்கினேன். “எங்க சிட்னியில பதினெட்டு முடிஞ்சா ஆளுதான். அப்பனும் மகனும் சேர்ந்து குடிக்கிறதுல அங்க யாருக்கும் வெக்கம் கிடையாது” என்றேன். ‘எங்க’ என்ற சொல்லை அழுத்திச் சொன்னது இப்போது காதில் ஒலிக்கிறது. விட்டுப்போன ஊருக்குத் திரும்பி வருகிறவனுக்கு ஒரு பெருமை வேண்டியிருக்கிறது. எனக்கு அது ஒரு பாட்டிலாக அமைந்தது. புறப்படும்போது இன்னொன்றை வாங்கிக் காகிதப் பையில் சுற்றி, வழியில் குடி என்று மகன் கையில் கொடுத்ததும் நான்தான்.

ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் நான் காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். விமான நிலையத்துக்கு வெளியே நின்ற சிப்பாய்களின் முகத்தை நான் பார்க்கவில்லை, பூட்சைத்தான் பார்த்தேன். இருபது வருஷம் முன்னால், ஃபிஜியில் முதல் ராணுவப் புரட்சி நடந்தபோது, லௌடோகா நகரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். ஒரு சாயங்காலம் என் காரில் என்னோடு வந்துகொண்டிருந்த கணக்கு வாத்தியார், சாலையில் மறித்த சிப்பாய்களிடம், “எந்தச் சட்டப்படி எங்களை நிறுத்துகிறீர்கள்?” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அவரை இறக்கி, சாலையோர வாய்க்காலில், கழுத்தளவு தண்ணீரில் உட்காரச் சொன்னார்கள். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவர் பள்ளிக்கு வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. நான் அந்த வாரமே ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பம் போட்டேன்.

மகன் பிறந்தது சிட்னியில். அவன் வளர வளர, எதற்காக இங்கே வந்தோம் என்று கேட்கும்போதெல்லாம் நான் அந்தக் கணக்கு வாத்தியாரின் கதையைச் சொல்லியிருக்கிறேன். என் பங்கை மட்டும் சொன்னதில்லை. “எந்தச் சட்டப்படி என்று நீ யாரிடமும் கேட்கலாம். அதற்காகத்தான் வந்தோம்” என்பேன். அவன் நன்றாகக் கற்றுக்கொண்டான். பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறான், ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் எனக்கு மார்பு விரிந்தது.

லௌடோகாவுக்கு முன்னால் வரும் சவேனியை நெருங்கும்போது முன்னால் கரும்பு லாரிகள் தேங்கி நின்றன. கடலோரத்திலிருந்து வெயில் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. லாரிகளுக்கு அப்பால் பச்சைச் சீருடைகள் தெரிந்தன. பின் சீட்டில் மகன் பாதி காலியான பாட்டிலை முழங்காலில் வைத்துக்கொண்டு கரும்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். “அதை ஒளிச்சு வை” என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பான். காரை ஓட்டிக்கொண்டிருந்த மச்சினன் மட்டும் கண்ணாடி வழியே பார்த்து, “மருமகனே, பாட்டில கீழ வையி. அவங்க கேட்டா வாயத் தொறக்காத, மாமன் பேசிக்கிறேன்” என்றான். மகனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பாட்டிலைக் கீழே வைத்தான். ஆனால் மறைக்கவில்லை, காலருகே நிறுத்தி வைத்தான். தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை.

எங்கள் காரை நிறுத்திய சிப்பாய்க்கு என் மகன் வயதுதான் இருக்கும். துப்பாக்கி அவனுக்குக் கொஞ்சம் பெரியதாகத் தெரிந்தது. பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு ஃபிஜியப் போலீஸ்காரர் லாரிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். சிப்பாய் குனிந்து உள்ளே பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான், எல்லோரையும் இறங்கச் சொன்னான். மகனிடம் வயது கேட்டான்.

“பத்தொன்பது” என்றான் என் மகன். நான் கற்றுக்கொடுத்த பொய்யை அவன் சொல்லவில்லை.

“இங்கே இருபத்தொன்றுக்குக் கீழே குடிக்கக் கூடாது.”

“என் நாட்டில் நான் குடிக்கலாம். இங்கே வேறு மாதிரி என்றால் சரி, கேட்டுக்கொள்கிறேன்” என்று அவன் அமைதியாக ஆங்கிலத்தில் சொன்னான். அதோடு நிறுத்தியிருந்தால் போதும். நிறுத்தவில்லை. “ஆனால் எந்தச் சட்டப்படி எங்கள் காரை நிறுத்தினீர்கள்? அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?”

அந்தக் கேள்வி என் மகன் குரலில் வந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. சாலையோரம் பார்த்தேன். அங்கும் ஒரு வாய்க்கால் இருந்தது, கரும்புத் தோகை மிதந்துகொண்டிருந்தது. அதில் அவன் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பார்த்தேன். சிப்பாய் ஒரு அடி முன்னால் வந்தான். அவன் கை எங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் என் கை போய்விட்டது. மகனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அவனைச் சிறுவயதில்கூட நான் அடித்ததில்லை. “குடிகாரப் பயலே, ஆபீசர்கிட்ட எதிர்த்தா பேசுறே?” என்று ஃபிஜி ஹிந்தியில், எல்லோரும் கேட்கிற மாதிரி கத்தினேன். லாரியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மகன் கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

சிப்பாய் பின்வாங்கினான். தன் வயதுப் பையன் ஒருவன் அப்பனிடம் அடி வாங்குவதைப் பார்த்து அவனுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். போலீஸ்காரர்தான் வேகமாக வந்தார். “காஹே மாரா, பாய்?” என்றார். ஏன் அடித்தாய் என்று கேட்டார், அதட்டவில்லை. பாட்டிலைக் கீழே கொட்டிவிட்டுப் போகச் சொல்லத்தான் வந்துகொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு மகனைப் பார்த்து, “உனக்கு இதை யார் வாங்கிக் கொடுத்தார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மகன் என் பக்கம் திரும்பினான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் எனக்கு இடம் விட்டு நின்றான், பேச வேண்டியவர் பேசட்டும் என்று. நான் வாய் திறக்கவில்லை. வயது குறைந்தவனுக்குக் குடி வாங்கிக் கொடுத்தவனை என்ன செய்வார்கள், ராணுவ முகாமுக்குக் கொண்டுபோவார்களா, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா, இதுதான் என் மனதில் ஓடியது. அவனுக்காகப் பயந்ததாக அதுவரை நினைத்திருந்தேன். அந்த இடத்தில் நான் பயந்தது எனக்காக. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழி இல்லை.

“நானே வாங்கினேன்” என்றான் மகன்.

போலீஸ்காரர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும். பாட்டிலை எடுத்துப் புல்லில் கவிழ்த்தார். “நல்ல பையன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையசைத்து அனுப்பினார்.

கார் லௌடோகாவைத் தாண்டியதும் மச்சினன், மகனுக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்பதுபோல, சாதாரணக் குரலில் சொன்னான்: “மாமா, நாங்க தினம் இவங்களத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போறோம். தினம் பயந்து பயந்து எங்களுக்கு அது தேஞ்சு போச்சு. எவன் கத்துவான், எவனுக்கு ஒரு கூல் டிரிங்க் குடுத்தா போதும்னு முகத்தைப் பாத்தே தெரியும். நீங்க அந்தக் காலத்துப் பயத்த அப்படியே கொண்டுபோயி, ஃப்ரிட்ஜுல வச்சு, புத்தம் புதுசா திருப்பிக் கொண்டுவந்திருக்கீங்க.” கேலியாகச் சொன்னானா, வருத்தத்தில் சொன்னானா என்று தெரியவில்லை. நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண வீட்டில் என் மனைவி மகனைக் கண்டதும் அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “கன்னத்துல என்னடா?” என்றாள். “கொசு” என்றான். “நந்தி கொசுவுக்கு அஞ்சு விரலா?” என்று அவள் என்னைப் பார்த்தாள். அவன் அதற்குள் பந்தல் கட்டுகிறவர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டான். மூன்று நாளும் ஓடி ஓடி வேலை செய்தான். யங்கோனாச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்கள் கூப்பிட்டபோது போய் உட்கார்ந்து ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்து, முறைப்படி கையும் தட்டினான். எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. என்னோடு அவன் பேசாமல் இருக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். தானாக எதையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் அடித்ததால்தான் அவன் தப்பித்தான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் போலீஸ்காரரின் இரக்கம்கூட நான் அறைந்ததைப் பார்த்துத்தான் வந்தது என்று மனைவியிடம் வாதாடினேன். அப்படியும் இருக்கலாம். அந்த நாட்களில் முகாமுக்குக் கூட்டிப்போய் அடித்தார்கள் என்று கேள்விப்பட்டவை எல்லாம் பொய் இல்லை. சிப்பாயின் கை எதற்காக நீண்டது, பாட்டிலை வாங்கவா, மகன் சட்டையைப் பிடிக்கவா, இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அடித்ததற்கு நான் சொல்லிக்கொள்ளும் சமாதானம் எதுவும், பிறகு நான் பேசாமல் நின்றதற்குப் பொருந்தவில்லை. யார் வாங்கிக் கொடுத்தது என்ற கேள்விக்கு ‘நான்’ என்ற ஒரு வார்த்தை போதும். மார்டின்டாரில் அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சவேனியில் உண்மை சொல்ல முடியவில்லை. இப்போது அவனுக்கு வேறு நகரத்தில் வேலை, குடும்பம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். மருந்து சாப்பிட்டேனா என்று கேட்பான். அன்றைய நாளைப் பற்றி நான் பேச்செடுத்தால், “விடுங்கள் டாட், பழைய கதை” என்பான். அவன் அதிகம் பேசாதவன் என்று அவன் மனைவி சொல்கிறாள். சிறுவயதில் கேள்வி கேட்டே எல்லோரையும் சாகடித்தவன் அவன் என்று அவளிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

கல்யாணம் முடிந்து நாங்கள் திரும்பிய நாளில், சிட்னி விமான நிலையத்தில், பெட்டிகளுக்காகக் காத்திருந்தோம். மனைவி தள்ளுவண்டி எடுக்கப் போயிருந்தாள். சுங்கச் சோதனைக்கு நின்ற வரிசையில் ஒரு பெரியவரை அதிகாரி தனியே அழைத்து அவர் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். என் மகன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, சவேனிக்குப் பிறகு முதல் தடவையாக, என்னிடம் ஒன்று கேட்டான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான்.

“டாட், இங்கே கேட்கலாமா?”

“கேட்கலாம்” என்றேன். “தாராளமாகக் கேட்கலாம்.” ஆனால் அதைச் சொல்வதற்கு முன் என் கண் தானாக அந்தச் சீருடைக்காரன் பக்கம் போய், அவன் நம்மைப் பார்க்கிறானா என்று பார்த்துவிட்டு வந்தது. மகன் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தலையசைத்துவிட்டு, பெட்டியை எடுக்கக் குனிந்தான்.