கூப்பிடு தூரத்துப் பள்ளிக்கூடம்

எங்கள் ஊர்க்காரர்களிடம் மட்டும் தூரம் கேட்டுவிடாதீர்கள். வட்டக்கானலில் தங்கிவிட்டு, முதுகில் பையோடு காடு சுற்ற வருகிற பிள்ளைகள் எங்களிடம் கேட்டுத்தான் கெட்டார்கள். எதிர்மலையில் தெரியும் வீடுகளைக் காட்டி, அங்கே போக எவ்வளவு தூரம் என்பார்கள். "இந்தா கெடக்கு" என்போம். சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். சாயங்காலம் அதே பிள்ளைகள் சேறும் அட்டைக்கடியுமாகத் திரும்பி வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். நாங்கள் பொய் சொல்லவில்லை. கண்ணுக்கு நேரே கிடப்பதை வேறு எப்படித்தான் சொல்வது?

வில்பட்டிக்கு மேலே, ஜீப் மட்டும் ஏறுகிற ஊர் எங்களுடையது. எங்களுக்கும் எதிர்மலை ஊருக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம், அதன் அடியில் ஓடை. இங்கே நின்று கூப்பிட்டால் அங்கே கேட்கும். நடந்து போனால்தான் சங்கதி வேறு. இறங்கி, ஓடையைத் தாண்டி, சோலைக்குள் ஏறி, காட்டுமாடு வழியில் நின்றால் அது நகரும்வரை நாமும் நின்று, போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறையும். அதனால் யார் பள்ளம் தாண்டினாலும் போய்ச் சேர்ந்ததும் இந்தப் பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுப்பது வழக்கம். குரல் வந்தால் ஆள் பத்திரம். என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பது அந்த ஊரில்தான்.

இந்த "இந்தா கெடக்கு" ஒருநாள் எங்கள் பள்ளிக்கூடத்தையே முழுங்கப் பார்த்தது. அங்கே படிப்பது பதினோரு பிள்ளைகள். அதில் ஒன்று என் மகள், மூன்றாம் வகுப்பு. வாத்தியார் ஒருவரே. பாலசமுத்திரத்துக்காரர், மலைக்குளிருக்கு இன்னும் பழகாதவர், பாடம் நடத்தும்போதுகூட மப்ளரைக் கழற்றமாட்டார்.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி ஆன கதையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் படிக்கப் போட்டிருக்கிற ஒரு அம்மாதான் தலைவியாக இருக்கவேண்டும் என்று விதி வந்திருந்தது. கூட்டத்தின் நடுவில் அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து வீட்டுக்கு ஓடினேன். பாலை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இருந்தாலும் தலைவி என்று கூப்பிட்டதும் உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அப்படி இருக்கையில் ஒருநாள் வாத்தியார் நாலைந்து தாள்களோடு வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட விதிகளை அரசாங்கம் திருத்தப்போகிறதாம், இது அதன் வரைவாம். படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொரு வாக்கியமும் பழனியில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி, கொடைக்கானல் வந்துதான் முற்றுப்புள்ளி வைத்தது. பாதியில் எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் அவரே சுருக்கிச் சொன்னார். பிள்ளைகள் குறைவாக இருந்து, ஒரு கிலோமீட்டருக்குள் இன்னொரு பள்ளி இருந்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். தூரத்தை வரைபடத்தில் நேர்கோடாக அளப்பார்கள். நேர்கோட்டில் எதிர்மலைப் பள்ளிக்கூடம் எங்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு.

அதோடு விட்டதா? பழைய பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது. எப்போதோ கணக்கெடுக்க வந்தவர் பக்கத்துப் பள்ளி எங்கே என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஆட்கள் பெருமையாகக் கை நீட்டி, "இந்தா கெடக்கு, கூப்பிடு தூரம்" என்றிருக்கிறார்கள். அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பள்ளியை மூடினால் என் மகள் தினமும் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறவேண்டும். மழைக்காலத்தில் அந்த ஓடை பெரிய ஆம்பிளைகளையே தள்ளிவிடும். இதற்கு என்ன செய்வது என்றேன். பொதுமக்கள் ஆட்சேபம் எழுதலாம் என்றார் வாத்தியார். எனக்கு ஆச்சரியம். சட்டம் என்பது மழை மாதிரி, வந்தால் நனையவேண்டியதுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். மகளின் நாலுகோடு நோட்டில் தாள் கிழித்து எழுதினேன். மலையில் நேர்கோட்டில் போக நாங்கள் காக்கா இல்லை, தூரத்தைக் கால் நடக்கிற பாதையில் அளக்கவேண்டும். காக்காவை எடுத்துவிடலாமே என்றார் வாத்தியார். முடியாது என்றேன்.

காக்காவுக்குப் பலன் இருந்தது. நேரில் பார்த்து அறிக்கை எழுத ஒரு அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. உடனே ஊருக்கே நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். பூண்டுக்காட்டில், தண்ணீர்த் தொட்டியில், கேரட் கழுவுகிற இடத்தில் என்று யாரைப் பார்த்தாலும் விடவில்லை. எதிர்மலை எவ்வளவு தூரம் என்று திடீரென்று கேட்பேன். வாய் தன்னால் "இந்தா" என்று ஆரம்பிக்கும். திட்டுவேன். என் வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்திலும் தூரம் என்று சொல்கிற அளவுக்குப் பழக்கிவிட்டேன். எதிர்மலையில் இருக்கும் தங்கையைப் பழக்கத்தான் தோன்றவில்லை. அதிகாரி அங்கே போகப்போவதில்லையே.

வந்த அதிகாரி நல்ல மனுஷர். முட்டியில் பட்டை கட்டியிருந்தார், ஜீப்பை விட்டு இறங்கவே சிரமப்பட்டார். தூறல் வேறு. அவரைப் பள்ளத்தில் இறக்குவது நடக்காத காரியம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். எதிர்ப்பள்ளி எவ்வளவு தூரம் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் பாக்கியில்லாமல் தூரம் என்றார்கள். நான் பூரித்துப்போய் நின்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து என் தங்கையின் குரல் வந்தது. "அக்கோவ், வெதப்பூண்டு எடுத்து வச்சிட்டியா?"

"வச்சாச்சுடீ!" என்று நான் பதில் கொடுத்தேன்.

ஊரே என்னைப் பார்த்தது. ஒரு வாரம் ஊரைப் படுத்தியெடுத்த தலைவியே கவிழ்த்துவிட்டாள். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதிகாரி கண்ணாடியை இறக்கி, "கூப்பிட்டா கேக்குற தூரந்தானேம்மா?" என்றார்.

எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது. மேட்டின் விளிம்புக்குப் போய், "ஏய், இப்பவே வந்து வாங்கிக்க. வெரசா வா!" என்று கத்தினேன். "இந்தா வந்துட்டேன்" என்று பதில் வந்தது. "மணியப் பாத்துக்கங்க சார். சொல்லிட்டா, வந்துட்டேன்னு" என்றேன். அப்போது மணி பத்து இருபது.

அவர் டீ குடித்தார். வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். சத்துணவுச் சமையலறையைப் பார்த்தார். பிள்ளைகளிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார், பிறகு எட்டாம் வாய்ப்பாடு, பிறகு ஒன்பது. இன்னொரு டீ குடித்தார். பார்க்க ஒன்றும் மிச்சமில்லாமல் கழிப்பறைக் குழாயைத் திறந்து மூடினார். பதினொன்றரைக்கு நாற்காலியிலேயே தலை தொங்கிவிட்டது. பன்னிரண்டு ஐந்துக்கு என் தங்கை மேடேறி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், அறுந்த செருப்பு கையில். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். எவ்வளவு தூரம்மா உங்க ஊர் என்று கேட்டார்.

"பக்கந்தாங்க சார். இந்தா கெடக்கு."

வாத்தியார் மப்ளரால் முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரி அவள் காலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சிரிக்கவில்லை. நடந்து வர ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் ஆகிறது, தூரம் அதிகம் என்று தாளில் எழுதி, நடந்து வந்தவர் என்ற முறையில் கையெழுத்துப் போடுங்கள் என்று நீட்டினார். அவள் பேனாவை வாங்கினாள், போடவில்லை.

"ஏண்டி, போடேன். சாருக்குச் சோலி கெடக்கு" என்றேன்.

"என்னிய அங்க குடுக்கப்போறாகன்னு நான் அழுதப்ப, இந்தா கெடக்கு, கூப்பிட்டா கேக்கும்னு நீதானக்கா சொன்ன" என்றாள். "அத நெனச்சுக்கிட்டுத்தான் இத்தன வருசமா வந்து போறேன். இப்ப தூரம்னு கையெழுத்துப் போடச் சொல்ற."

அவள் போய்ப் பதினோரு வருடம். நான் அங்கே போனது நாலே நாலு தடவை. பக்கம்தானே, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்றுதான். அவள் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

வகுப்பு வாசலில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். தங்கை அவளுடைய காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

திருத்திய விதி போன மாதம் வந்துவிட்டது. மலைப்பகுதிகளில் நடக்கும் பாதையை வைத்தே தூரத்தைக் கணக்கிடவேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. காக்கா இல்லை. எங்கள் ஒரு கடிதத்தால் மட்டும் வந்த வரியா என்பது எனக்குத் தெரியாது, ஊருக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் இருக்கிறது, வாத்தியார் மப்ளரோடு இருக்கிறார்.

அதைவிட எனக்கு ஞாபகம் இருப்பது அதிகாரி வந்துபோன அன்றைய சாயங்காலம்தான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, விதைப்பூண்டை முதுகில் கட்டிக்கொண்டு, என் செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு மணிக்கு அவள் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் மூட்டம் வந்து எதிர்மலையை மூடிவிட்டது. இத்தனை வருடமும் அவள் குரல் கொடுக்கும்போது நான் ஏதாவது வேலையில் இருப்பேன். கேட்டதும் உண்டு, கேட்காமல் விட்டதும் உண்டு. அன்றைக்கு மேட்டின் விளிம்பில் போய் நின்றுகொண்டேன். மூன்றே முக்கால் ஆனது. குரல் இல்லை. நாலு ஆனது.

நாலு பத்துக்கு மூட்டத்துக்குள்ளிருந்து வந்தது. "அக்கோவ், வந்து சேந்துட்டேன்!"

"அட்டை கடிச்சுதாடி?" என்று கேட்டேன். அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை.

இல்லைக்கா என்றாள். பொய் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்தில் வந்து நின்ற மகளிடம், ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போகலாம் என்றேன். தூரமா அம்மா என்று கேட்டாள்.

"ஆமா, தூரந்தான். வெள்ளனே கெளம்பணும்" என்றேன்.